தமனிச் சுவரும் ரப்பர்க் குழாயும்

ஐம்பத்தெட்டு வயதான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை நினைத்துக் கொள்வோம். அவர் கையில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுக்கப்பட்ட சிறு புத்தகம் ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்தாம் வயதில் அவருடைய இரத்த அழுத்தம் 138/88 என்றும், ஐம்பத்திரண்டாம் வயதில் 150/86 என்றும், இம்மாதம் 164/76 என்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. புத்தகத்தைப் பார்த்த அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றுகிறது. "மிசி, கீழே உள்ள எண் நன்றாக இறங்கிவிட்டதே! மேலே உள்ளது வயதானால் ஏறத்தானே செய்யும்? இனி எனக்கு மாத்திரை எதற்கு?" என்று தாதியிடம் கேட்டுவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தை வீட்டு அலமாரியில் போட்டு விடுகிறார்.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும் இவரைப் போன்றவர் இல்லாத தோட்டமும் இல்லை; தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் குடியேறிய தாமானும் இல்லை. அவர் செய்த கணக்கில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. கீழ் எண் இறங்கியதை அவர் நோய் தணிந்ததன் அடையாளமாக எடுத்துக் கொண்டார். உண்மையில், மேல் எண் ஏறிக் கொண்டிருக்கும்போதே கீழ் எண் தானாக இறங்குவது, உடலின் பெரிய இரத்தக் குழாய்கள் விறைத்துப் போய்க் கொண்டிருக்கின்றன என்பதற்கான அறிகுறியாகும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த விளக்கத்தைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களைக் காட்டிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. ரப்பரின் குணத்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சுவரின் அமைப்பு

இதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். இதயத்தைவிட்டு முதலில் புறப்படும் மிகப் பெரிய குழாயைப் பெருந்தமனி என்பர். அது நெஞ்சில் வளைந்து, வயிற்றின் பின்புறமாக இறங்கி, இடுப்பருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது. அதன் வளைவிலிருந்து கிளைத்துக் கழுத்தின் இரு புறமும் மூளைக்கு ஏறுபவை கழுத்துத் தமனிகளாகும். தாடைக்குக் கீழே, தொண்டைக்குப் பக்கத்தில் விரலை மெல்ல வைத்தால் அவற்றின் துடிப்பை உணரலாம்.

தமனி வெறுங்குழாய் அன்று. அதன் சுவரில் மூன்று படலங்கள் உள்ளன. இரத்தத்தைத் தொட்டுக் கொண்டிருப்பது உட்படலம். அது மிக மெல்லியது, வழவழப்பானது. அடுத்தது நடுப்படலம். நீண்டு சுருங்கும் எலாஸ்டின் என்னும் நார்களும், நீளாமல் இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் என்னும் நார்களும், தசையும் அதில் கலந்துள்ளன. வெளிப்படலம் எல்லாவற்றையும் போர்த்திக் காக்கிறது. நீளும் நாருக்கு ரப்பரையும், நீளாத நாருக்குச் சணல் கயிற்றையும் உவமையாகச் சொல்லலாம். இளமையில் வேலையைப் பெரும்பாலும் ரப்பர் செய்கிறது. கயிறு தளர்ந்து கிடக்கிறது.

இவ்விடத்தில் இரண்டு கேடுகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, சுவர் தடித்தல். இரண்டாவது, சுவர் விறைத்தல். இரண்டும் பெரும்பாலும் ஒரே உடலில் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் அவை நிகழும் முறை வேறு.

தடித்தலுக்கு வெட்டுமரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கைதேர்ந்த வெட்டுக்காரர் உளியைப் பட்டையளவிலேயே நிறுத்துவார். புதுப்பட்டை சமமாக வளரும். பழக்கமில்லாதவர் உளி ஆழமாகப் பாய்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால், காயம் ஆறிய இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத் தடித்துப் போகும்; மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. தமனியின் உட்படலத்திலும் இது போன்ற ஒன்று நடைபெறுகிறது. உயர்ந்த இரத்த அழுத்தமும், சிகரெட் புகையில் உள்ள நஞ்சுகளும், இரத்தத்தில் மிகுந்த சீனியும் உட்படலத்தைப் பழுதாக்குகின்றன. பழுதான இடத்தில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு உள்ளே நுழைந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்களும் கொழுப்பை விழுங்கி அங்கேயே கிடந்து போகின்றன. சுவர் உட்புறமாகத் தடிக்கிறது. காலப்போக்கில் கொழுப்புத் திட்டு உருவாகிறது. திட்டு ஒருநாள் வெடித்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அடைப்பு இதயத் தமனியில் ஏற்பட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயில் ஏற்பட்டால் பாரிசவாயு.

மரத்தின் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. உடலினுள் இருக்கும் இக்காயம் இருபது ஆண்டுகள் ஆனாலும் வலிப்பதில்லை. இந்நோயின் கொடுமையே இதுதான்.

நூறு கோடி முறை நீளும் நார்

விறைத்தல் இதனினும் மெதுவாக நிகழ்வது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது ஏறக்குறைய எழுபது மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அந்த இரத்தம் முழுவதும் உடனே ஓடிவிடுவதில்லை. பெருந்தமனி ஊதிய பலூனைப் போல் விரிந்து, ஏறக்குறைய பாதியைத் தன்னுள் நிறுத்திக் கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அது சுருங்கி, நிறுத்தி வைத்த இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இவ்வாறு, விட்டு விட்டு அடிக்கும் இதயத்திலிருந்து விடாமல் ஓடும் இரத்தவோட்டம் உண்டாகிறது. இளைஞர் ஒருவரின் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் தன் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு விரிந்து சுருங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. ஓராண்டுக்கு ஏறக்குறைய மூன்று கோடியே அறுபத்தெட்டு இலட்சம். முப்பது ஆண்டுகளில் நூற்றுப் பத்துக் கோடி. எந்த ரப்பரைத்தான் இத்தனை முறை இழுத்து விட முடியும்? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இதய மருத்துவர் மைக்கேல் ஓ'ரூர்க் இதே கேள்வியை எழுப்பி, பெருந்தமனியின் தேய்வை இயற்கை ரப்பரின் தேய்வோடு ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டு எழுதினார். பத்தில் ஒரு பங்கு நீட்டப்படும் ரப்பர், சில பத்தாண்டுக் காலத் துடிப்புகளுக்கு ஈடான முறை நீண்டபின் முறியத் தொடங்குகிறது. பெருந்தமனியின் எலாஸ்டினும் அவ்வாறே ஆங்காங்கு முறிகிறது. கை, கால்களின் தமனிகள் ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கே விரிவதால் அவை இவ்வளவு தேய்வதில்லை.

முறிந்த எலாஸ்டின் மீண்டும் வளர்வதில்லை. தாயின் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும் உண்டான நார்களைக் கொண்டே வாழ்நாள் முழுவதையும் நாம் ஓட்ட வேண்டியிருக்கிறது. ரப்பர் முறிந்த இடத்தில் பளு முழுவதும் கயிற்றின் மேல், அதாவது கொலாஜனின் மேல், விழுகிறது. சுவர் விறைக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முன்னதாகவே வந்துவிடுகிறது. அதற்கும் ரப்பரிலேயே விளக்கம் உண்டு. 1839ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டறிந்தார். கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அளவோடு பிணைத்தால் கிடைப்பது டயர். அளவுக்கு மீறிப் பிணைத்தால் கிடைப்பது எபொனைட் என்னும் கட்டை போன்ற பொருள், அது வளையாது. நீரிழிவுக்காரரின் இரத்தத்தில் நாள்தோறும் மிகுந்திருக்கும் சீனி, தமனிச் சுவரின் நார்களை இவ்வாறுதான் பிணைத்து விறைக்க வைக்கிறது. நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் நோய், கால் விரலிலும் கண்ணிலும் மட்டும் நிற்பதில்லை. மலேசியாவில் வாழும் இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் ஏனைய இனத்தாரைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

துடிப்பின் வேகம்

சுவர் விறைத்திருப்பதை உடலை அறுக்காமல் எப்படி அறிவது? இக்கேள்விக்கு விடை காண உதவியதும் ரப்பர்க் குழாய்தான். 1878ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டைச் சேர்ந்த அட்ரியான் மூன்ஸ், கோர்ட்டவெக் என்னும் இரு அறிஞர்கள், குழாயில் செல்லும் அழுத்த அலையின் வேகத்திற்கு ஒரு கணக்கு வாய்பாட்டை வகுத்தனர். மூன்ஸ் தமது சோதனைகளை ரப்பர்க் குழாய்களில் நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டு, 1877இல்தான், லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன்மார் வெட்டிய காடுகளெல்லாம் அந்தச் சில செடிகளின் வழி வந்தவை. மூன்ஸ் கையில் இருந்த ரப்பர், இந்நாட்டு ரப்பராக இருந்திருக்க முடியாது. ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நேர்ந்தது நினைக்க இனிக்கிறது.

அவர்கள் கண்ட விதி எளிமையானது. குழாயின் சுவர் விறைப்பாகவும் தடிப்பாகவும் இருந்தால் அலை வேகமாகச் செல்லும். சுவர் மெல்லியதாகவும் நெகிழ்ச்சியுடையதாகவும் இருந்தால் மெதுவாகச் செல்லும். 1922ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிராம்வெல், ஹில் என்னும் இருவர் இவ்விதியை மனித உடலில் பொருத்திப் பார்த்து, வயது ஏற ஏற நாடித் துடிப்பின் வேகமும் ஏறுவதைக் காட்டினர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். துடிப்பின் வேகமும் இரத்தத்தின் வேகமும் ஒன்றல்ல. நீர் நிறைந்த நீண்ட குழாயின் குழாய்வாயைத் திறந்தவுடன் மறுமுனையில் நீர் கொட்டுகிறதல்லவா? குழாய்வாயருகே இருந்த நீர் அதற்குள் மறுமுனைக்குப் போய்விடவில்லை. அங்கிருந்து புறப்பட்ட தள்ளுதல்தான் போய்ச் சேர்ந்தது. நாடியில் நாம் உணர்வதும் அந்தத் தள்ளுதலைத்தான்.

இன்று மருத்துவர்கள் கழுத்துத் தமனியில் ஒரு கருவியையும் தொடையிடுக்கில் ஒரு கருவியையும் வைத்து, இதயத்தின் ஒரே துடிப்பு இவ்விரு இடங்களையும் அடையும் நேர வேறுபாட்டைக் கணக்கிடுகின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அரை மீட்டர் என்று கொள்வோம். அதைக் கடக்கத் துடிப்புக்கு ஒரு வினாடியில் நூற்றில் எட்டுப் பங்கு நேரம் ஆனால், வேகம் வினாடிக்கு ஆறேகால் மீட்டர். இது நெகிழ்ச்சியுள்ள தமனி. நூற்றில் ஐந்து பங்கு நேரமே ஆனால், வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர். 2012ஆம் ஆண்டு முதல் வல்லுநர்கள் இந்தப் பத்து மீட்டரையே எல்லைக் கோடாகக் கொண்டுள்ளனர். அதற்கு மேற்பட்டால் தமனி விறைத்துவிட்டது என்றும், மாரடைப்பு, பாரிசவாயு ஆகியவற்றின் ஆபத்து கூடியிருக்கிறது என்றும் பொருள்.

சுவரின் தடிப்பை அளக்கும் முறை வேறு. கருவுற்ற தாய்மாரின் வயிற்றைப் பார்க்கப் பயன்படும் ஒலியலைக் கருவியையே கழுத்தில் வைத்தால், தமனியின் சுவர் திரையில் இரண்டு இணைகோடுகளாகத் தெரிகிறது. அக்கோடுகளின் இடைவெளி, உட்படலமும் நடுப்படலமும் சேர்ந்த தடிப்புக்குச் சமம் என்று இத்தாலியின் மிலான் நகரில் பிக்னோலியும் அவருடைய துணைவர்களும் 1986ஆம் ஆண்டு காட்டினர். இளம் வயதில் இது அரை மில்லிமீட்டர் அளவே, அதாவது ஐந்து காகிதத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனமே, இருக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டரை எட்டிய இடத்தைக் கொழுப்புத் திட்டு என்றே கருதுவர்.

இதைப் படித்ததும் கழுத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழக்கூடும். சோதனைப் பொட்டலங்கள் என்று பலவற்றைக் கட்டி விற்கும் தனியார் நிலையங்களும் உண்டு. பணத்தைச் செலவிடுமுன் ஒரு செய்தியை அறிந்து கொள்ளுங்கள். சுவர்த் தடிப்பை அளப்பது ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே ஆராய்வதற்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் தனி ஒருவருக்கு அது அவ்வளவாகப் பயன்படவில்லை. ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறுவதை, அளப்பவரின் கை சற்று அசைந்தாலே பிழைபடும் கருவியால் எப்படிப் பின்தொடர்வது? மேலும், ஒருவருடைய வயது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றை அறிந்த பிறகு, இந்த அளவு புதிதாகக் கூறுவது சிறிதே. ஆகவே 2013ஆம் ஆண்டு அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள், எல்லாருக்கும் வழக்கமாக இச்சோதனையைச் செய்ய வேண்டியதில்லை என்று அறிவித்தன. மருத்துவர் காரணம் கூறிச் செய்யச் சொன்னால் செய்துகொள்ளலாம். விளம்பரத்தைப் பார்த்துச் செய்யத் தேவையில்லை.

துடிப்பின் வேகத்தை அளக்கும் கருவியும் சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் பொருளன்று. எனினும் விறைப்பைப் பற்றிய செய்தி வேறு ஒரு வழியில், ஏற்கெனவே நம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது.

புத்தகத்தில் உள்ள இரண்டு எண்கள்

இரத்த அழுத்தத்தின் மேல் எண், இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நேரத்து அழுத்தமாகும். கீழ் எண், இதயம் ஓய்வெடுக்கும் நேரத்து அழுத்தமாகும். பெருந்தமனி நெகிழ்ச்சியோடு இருந்தால், தள்ளும் நேரத்தில் விரிந்து கொடுத்து மேல் எண்ணை அடக்கி வைக்கும். ஓய்வு நேரத்தில் சுருங்கி அழுத்தம் கொடுத்துக் கீழ் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். விறைத்த தமனியால் இரண்டையும் செய்ய இயலாது. எனவே மேல் எண் ஏறுகிறது. கீழ் எண் இறங்குகிறது. இடைவெளி அகல்கிறது.

நம் தொழிலாளியின் புத்தகத்தை இப்போது மீண்டும் திறப்போம். 138இலிருந்து 88ஐக் கழித்தால் 50. 150இலிருந்து 86ஐக் கழித்தால் 64. 164இலிருந்து 76ஐக் கழித்தால் 88. பதின்மூன்று ஆண்டுகளில் அவருடைய தமனி எவ்வளவு விறைத்துவிட்டது என்பது அவர் சட்டைப் பையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இடைவெளி ஏறக்குறைய 40 இருப்பது இயல்பு. முதியவர்களிடம் அது 60ஐத் தாண்டினால் தமனி விறைத்திருப்பதன் அடையாளமாக மருத்துவர்கள் கருதுகின்றனர். இரத்தசோகை, தைராய்டு நோய், இதய வால்வின் கசிவு போன்ற வேறு சில காரணங்களாலும் இடைவெளி அகலலாம். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மருந்தினால் இரண்டு எண்களும் சேர்ந்து இறங்குவது வேறு செய்தி, அது நன்மையே.

கீழ் எண் தானாக இறங்குவதில் மற்றொரு தீமையும் உண்டு. உடலின் மற்ற உறுப்புகளெல்லாம் இதயம் தள்ளும்போது இரத்தம் பெறுகின்றன. இதயத்தின் சொந்தத் தசை மட்டும், பெரும்பாலும், அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் இரத்தம் பெறுகிறது. ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் உண்ணும் தாயைப் போன்றது அது. ஓய்வு நேரத்து அழுத்தம் குறைந்தால் அதன் பங்கு குறைகிறது. விறைத்த குழாயை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் அதன் வேலையோ கூடுகிறது.

"மேல் எண் வயதானால் ஏறத்தானே செய்யும்" என்று அவர் சொன்னதும் ஆராயத்தக்கதே. நூறோடு வயதைக் கூட்டினால் வருவதே சரியான அழுத்தம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே பலர் எண்ணியிருந்தனர். கீழ் எண்தான் முக்கியம் என்றும் கருதி வந்தனர். இக்கருத்தை மாற்றியவற்றுள் முக்கியமானது, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹம் என்னும் சிற்றூரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வாகும். 5,209 ஆண்களையும் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்து வந்தனர். ஐம்பது, அறுபது வயதுவரை இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறுவதையும், அதன்பின் மேல் எண் தொடர்ந்து ஏறக் கீழ் எண் இறங்கத் தொடங்குவதையும் அவர்களிடம் கண்டனர். வயதானவர்களிடம் மேல் எண்ணும் இடைவெளியுமே ஆபத்தை முன்னறிவித்தன.

அப்படியானால் மருந்து கொடுத்து மேல் எண்ணைக் குறைத்தால் பயன் உண்டா? இதற்கு 1991ஆம் ஆண்டு தெளிவான விடை கிடைத்தது. மேல் எண் 160க்கு மேலும் கீழ் எண் 90க்குக் கீழும் இருந்த, அறுபது வயதைத் தாண்டிய 4,736 பேரை அமெரிக்காவில் இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு விலை மலிந்த, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைக் கொண்டு சிகிச்சை தொடங்கினர். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை கொடுத்தனர். மருந்துண்டவர்களிடம் பாரிசவாயு நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு குறைந்தது. நம் தொழிலாளி அலமாரியில் போட்டுவிட்ட பொட்டலத்தின் மதிப்பு அதுதான். அவருடைய 164/76, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் எண்களைப் போன்றதே.

2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. தங்களுக்கு அது இருப்பதை அறியாதவர்களும் அவர்களில் உள்ளனர். உடலுழைப்பாளிகளுக்கு இதயநோய் வராது, அது மேசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் நோய் என்ற எண்ணம் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. விடியுமுன் நிரை நிரையாக நடந்து மரம் வெட்டுவதும், பால் வாளியைச் சுமப்பதும் தமனிக்கு நன்மை தருபவையே, ஐயமில்லை. ஆனால் காலையில் நடந்த நடை, மாலையில் பிடித்த ஒரு பெட்டி சிகரெட்டைக் கழித்துவிடாது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வியர்வை சிந்தி உழைப்பவருக்கு உப்பு நிறைய வேண்டும் என்று கூறிக்கொண்டு, கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும், குழம்புக்கு நெத்திலியும், சம்பலுக்குப் பெலாச்சானும், அவற்றின்மேல் கிச்சாப்பும் சேர்த்துக் கொள்வது நம் வழக்கம். வழக்கமான உணவில் உள்ள உப்பே பெரும்பாலோருக்குப் போதுமானது. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள், உண்ணும்படி கூறுகிறது. மலேசியர் சராசரியாக ஏறக்குறைய எட்டு கிராம் உண்கின்றனர் என்று 2017, 2018 ஆண்டுகளில் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. உப்பைக் குறைப்பதால் ஏழைக் கிராமத்தவருக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்பதற்குச் சீனாவில் நல்ல சான்று உண்டு. அங்கு 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடையே, பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்பு கலந்த உப்பைக் கொடுத்தனர். 2021ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பாரிசவாயு நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்தது. சமையல் மாறவில்லை, உப்பு மட்டுமே மாறியது. ஆயினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் பொட்டாசியம் உப்பைப் பயன்படுத்தலாகாது. அது அவர்களுக்கு ஆபத்தாக முடியும். அவர்களுக்கு ஏற்ற வழி, எந்த உப்பையும் குறைப்பதுதான். கருவாட்டை நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக் கழுவிச் சமைத்தாலே ஒரு பகுதி உப்பு போய்விடும்.

முறிந்த எலாஸ்டினை எந்த மருந்தாலும் ஒட்ட இயலாது என்று முன்பே கூறினோம். அதனால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருளன்று. அழுத்தம் குறைந்தால், எஞ்சியுள்ள நார்களின் மேல் விழும் பளு குறைகிறது. கயிற்றிலிருந்து பளு மீண்டும் ரப்பருக்கு ஓரளவு திரும்புகிறது. துடிப்பின் வேகமும் தணிகிறது. நடைப்பயிற்சியும் உப்புக் குறைப்பும் இத்திசையிலேயே உதவுகின்றன.

சுகாதார நிலையத்தில் குடிமக்கள் செலுத்த வேண்டிய கட்டணம் ஒரு வெள்ளிதான். அதைச் செலுத்தி எடுக்கும் எண் சரியான எண்ணாக இருக்க வேண்டுமல்லவா? வெட்டுக்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் நேரே வந்து, மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டாதீர்கள். முதுகு சாய உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் கோப்பியும் சிகரெட்டும் வேண்டாம். கை, நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. உழைத்துப் பருத்த புயம் உள்ளவர்களுக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். காலையில் மாத்திரை உண்டீர்களா இல்லையா என்பதைத் தாதியிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று அஞ்சிப் பொய் சொன்னால், தேவையில்லாத இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிட நேரிடும். பிறகு வீட்டுக்கு வந்து, பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.